கோழி இல்லாமல் நிற்கும் சோறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கும் வலென்சியா மாநிலத்தின் சோற்றுப் பெருமை தோட்டத்துப் பாயேயாவிலா, துறைமுகத்து மீன் சோற்றிலா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசியவர் பாயேயாவைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிவிட்டுப் போனார். கோழி, முயல், தட்டை பீன்ஸ், கறோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி என்று பத்துப் பொருளையும் விரல்விட்டு எண்ணினார். 2021-இல் வலென்சிய அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்ததையும் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் சான்றிதழைப் பிசைந்து சாப்பிட முடியாதே, ஐயா!

பாயேயாவில் சோறு சுமாராக அமைந்துவிட்டால் என்ன ஆகும்? கோழிக்காலைக் கடித்துக்கொண்டே ஒப்பேற்றிவிடலாம். துறைமுகத்து மீன் சோறான எங்கள் அரோஸ் அ பண்டாவில் அந்த வழி கிடையாது. வேகவைத்த மீன் உருளைக்கிழங்கோடு தனித் தட்டில் வரும். சோறு கணவாய்த் துண்டு சிலவற்றோடு தனியே வரும். அரிசியின் பதமும் சாற்றின் ருசியும் அங்கே அம்பலத்தில் நிற்கும்.

இதைச் சமைத்தவர்கள் மீனவர்கள். நல்ல மீன் ஏலத்துக்குப் போனபின், முள் நிறைந்த, விலை போகாத பொடிமீன்தான் அவர்களுக்கு மிச்சம். நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ பொடிமீனும் மீன்தலையும் போதும், தண்ணீர் இரண்டரை லிட்டர். செவுளை எடுக்காமல் போட்டால் சாறு கசக்கும், கலங்கும். நுரையை வழித்துவிட்டு, சிறுதீயில் 25 நிமிடம். “இன்னும் கொதித்தால் இன்னும் ருசி” என்பது ஆட்டெலும்புக்குச் சரி. மீன்முள்ளை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் கசப்புதான் இறங்கும். சதைமீனைக் கடைசி எட்டுப் பத்து நிமிடத்தில் போட்டு எடுத்துவிட வேண்டும். முதலிலேயே போட்டால் தனித் தட்டில் வைக்க மீனே இருக்காது, நார்தான் இருக்கும்.

அடுத்து சல்மொரேத்தா என்ற விழுது. எங்கள் மாநிலத்தின் தெற்கே இருக்கும் அலிகாந்தே பக்கத்துச் சோற்றுக்கு முதுகெலும்பே இதுதான். ஞோரா என்ற உருண்டையான காய்ந்த மிளகாய் மூன்று. காரம் கிடையாது, இனிப்பு வாசனை மட்டும். விதையை நீக்கி, எண்ணெயில் போட்டதும் எடுத்துவிட வேண்டும். கருகினால் சட்டி முழுவதும் கசப்பு. அப்புறம் தக்காளியோ சர்க்கரையோ காப்பாற்றாது. நாலு பல் பூண்டையும் வதக்கிச் சேர்த்து அரைத்து, துருவிய தக்காளியோடு நிறம் கறுத்துக் கெட்டியாகும்வரை சுண்ட வைக்கணும்.

அகலமான தட்டைச் சட்டியில் கணவாயைத் தண்ணீர் வற்ற வதக்கி, சல்மொரேத்தா சேர்த்து, 400 கிராம் அரிசியைப் புரட்டி, கொதிக்கும் சாற்றை ஊற்றுங்கள். போம்பா அரிசி என்றால் 1.2 லிட்டர். செனியா என்றால் ஒரு லிட்டரே போதும். செனியா ருசியை நன்றாக இழுக்கும், ஆனால் இரண்டு நிமிடம் அசந்தால் குழைந்துவிடும். என்னைக் கேட்டால், தைரியமுள்ளவர்களுக்கு செனியாதான். முதல் எட்டு நிமிடம் பெருந்தீ, அடுத்த பத்து நிமிடம் சிறுதீ, நடுவில் கரண்டியே படக்கூடாது. கிளறினால் மாவுச்சத்து வெளியே வந்து சோறு கூழாகும். சட்டியில் அரிசி விரல்கனத்துக்கு மேல் இருந்தால் மேலே பச்சையாக நிற்கும், அடியில் குழையும். கடைசி ஒரு நிமிடம் தீயைத் தூக்கினால் சொக்கர்ராத் என்ற பொன்னிறக் காந்தல் பிடிக்கும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள்.

“பக்கத்தில் அலியோலி வைக்கிறீர்களே, அது மட்டும் சோற்றின் குறையை மறைக்காதா?” என்று எதிரணி முணுமுணுப்பது காதில் விழுகிறது. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் உரலில் குழைத்த அந்த விழுதை ஓரமாகத்தான் வைக்கிறோம். வாரிக் கொட்டுகிறவர் சமையற்காரரை நம்பாதவர். முட்டை போடாத அலியோலிக்கு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடணும். அவசரப்பட்டால் பிரிந்துவிடும்.

அரிசி தீர்ந்தாலும் எங்கள் கரைக்காரர்கள் அசரமாட்டார்கள். காந்தியா துறைமுகத்தில் அரிசிக்குப் பதில் குட்டைச் சேமியாவைப் போட்டு ஃபிதேயுவா செய்தார்கள். படகில் அரிசிச் சோறு மேல் உயிரை வைத்திருந்த தலைவர் மற்றவர்களுக்கு மிச்சம் வைக்காததால், சமையற்காரர் சேமியாவுக்கு மாறினார் என்று கதை. அவர் சேமியாவையும் விட்டுவைக்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை! எங்கள் கரையிலேயே இருக்கும் தேனியா நகரத்தை 2015-இல் யுனெஸ்கோ படைப்பாற்றல் மிக்க உணவு நகரங்களில் சேர்த்தது. சான்றிதழ்தான் வேண்டுமென்றால் எங்களிடமும் இருக்கிறது, நடுவர் அவர்களே.

“அரிசி வயலில்தானே விளைகிறது” என்பது அவர்களின் கடைசி அம்பு. ஒப்புக்கொள்கிறேன். வலென்சியா நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரிக்கரை வயல்கள் இல்லாவிட்டால் எங்கள் சட்டியும் காலிதான். ஆனால் கேட்கப்பட்டது எங்கே விளைகிறது என்பதல்ல, பெருமை எதில் என்பது. எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பர் கோழியையும் முயலையும் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பாயேயாச் சோற்றை மட்டும் பந்தியில் பரிமாறத் தயாரா என்று முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். வணக்கம்.