நடுவில் வெட்டாத அரைமணி நேரம்

(தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. அன்று நேரமில்லாமல் விட்டுப்போன ஒன்றிரண்டு விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வானொலியைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். வானொலி என்றதும் பலருக்குப் பாட்டுதான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறு. மேசையைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து நாட்டு நடப்பையோ வரலாற்றையோ ஒரு புத்தகத்தையோ நிதானமாகப் பேசுகிறார்களே, அந்த நிகழ்ச்சிகளைப் பற்றி. கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த காலத்தில் நானும் அப்படிப்பட்ட மேசைகளில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் வெறும் நேயர். நேயராக இருந்ததில் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். எழுபதுகளின் கடைசியில் எங்கள் படிப்புரையில் (வீட்டு முன்திண்ணையில்) ஒரு மர்ஃபி ரேடியோ இருந்தது. பாட்டாவைத் (தாத்தாவைத்) தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. மத்திய அலையில் 1161இல் திருவனந்தபுரம், 1197இல் திருநெல்வேலி. முள்ளை மயிரிழை நகர்த்தினால் மலையாளம் போய்த் தமிழ் வரும். பாட்டா பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வீட்டில் பேசியது தமிழ். அதனால் இரண்டையும் கேட்பார். இரவு 9.15க்குச் சிற்றலையில் லண்டன் பிபிசியின் தமிழோசை. ஒரே சேதியை மூன்று இடத்தில் கேட்டபிறகுதான் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லுவார்.

பாட்டாவுக்கு ஒரு கூட்டாளி உண்டு. சாயங்காலம் கடுங்காப்பிக்கு வந்துவிடுவார். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனதே கிடையாது. பாட்டா இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியின் ஆள். தெற்குத் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நின்றவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் மாறும். கூட்டாளியோ, திருவனந்தபுரத்தோடு இருந்திருந்தால் நமக்கு இன்னும் நல்லது நடந்திருக்கும் என்று கடைசிவரை நம்பியவர். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் பிறந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் படிப்புரையில் அந்த வழக்கு முடியவில்லை. பேச்சு அதில் போய்த் தொட்டதும் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் ரேடியோவில் இந்த இணைப்பைப் பற்றியே ஒரு கலந்துரையாடல். அரைமணி நேரம். ஒருவர் பாட்டா சொல்வதைச் சொன்னார், இன்னொருவர் கூட்டாளி சொல்வதைச் சொன்னார். இரண்டு கிழவர்களும் வாயே திறக்கவில்லை. ரேடியோவை எதிர்த்துப் பேச முடியாது. பேசினால் அடுத்த வரி காதில் விழாது. இருபது வருஷமாக ஒருவர் வாயை ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தவர்கள், அன்றைக்கு எதிர்த்தரப்பு வாதத்தை முதல் தடவையாக முழுசாகக் கேட்டார்கள். முடிந்ததும் பாட்டா, “அவிய சொல்லதுலயும் ஒரு நியாயம் உண்டும் கேட்டியா” என்றார். இருவரும் தங்கள் கட்சியை மாற்றிக்கொண்டார்களா என்றால், இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் துண்டை உதறவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். நம்மோடு ஒத்துப்போகாத ஒருவர் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேட்க வைக்கிற வலிமை வானொலிப் பேச்சுக்கு உண்டு. தொலைக்காட்சி விவாதத்தில் ஆறு கட்டத்துக்குள் ஆறு முகம். முகத்தைப் பார்த்ததுமே இவர் யார், எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிடுகிறோம். வானொலியில் ஒரே நேரத்தில் இருவர் பேசினால் ஒன்றுமே புரியாது. அதனாலேயே ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்கிறார். அந்தப் பொறுமை கேட்கிறவருக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30இல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. கோணத்தில் இருக்கிறது, 101 மெகாஹெர்ட்ஸ். டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவதை வாங்கி ஒலிபரப்புவதோடு நிற்காமல், சுற்று வட்டாரத்துப் பேச்சை வட்டாரத்துக்கே திருப்பிக் கொடுப்பதுதான் உள்ளூர் நிலையம் என்ற எண்ணத்தின் உயிர். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எவ்வளவு, தோவாளையில் பூ என்ன விலை, கடலில் காற்று எப்படி, இதெல்லாம் நமக்குத்தானே வேண்டும்.

இங்கே ஒரு சட்ட விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றை யாரும் ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னது. 1997இல் ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் தன்னாட்சி அமைப்பாகப் பிரசார் பாரதியும் வந்தது. அதன் பிறகும் வானொலியில் நாட்டு நடப்பு என்பது ஏறக்குறைய முழுசும் பொது வானொலியின் கையில்தான். அங்கே ஒரு நடத்தை விதி வேறு உண்டு. நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது, மதங்களைத் தாக்கக் கூடாது, அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதிக்குப் பயந்து, விதி தடுக்காததையும் பேசாமல் விட்டுவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. இனயம் துறைமுகத் திட்டத்தைப் பற்றியோ, நம் மலைகளை உடைத்து எல்லைக்கு அப்பால் கொண்டுபோகும் கல் லாரிகளைப் பற்றியோ இரண்டு தரப்பையும் உட்கார வைத்து அரைமணி நேரம் பேச எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

சரி, நல்ல உரையாடல் எப்படி இருக்கும்? நான் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். குளச்சல் போரைப் பற்றி நேரலை. 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போர். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னால் அதே திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் ஆவணங்களை வைத்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது கடற்கரையிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். “சார், எங்க பாட்டா சொல்லுவாரு, மீன்பிடிக்கிற ஆளுவ துடுப்பைத் தோளுல சாச்சி வச்சிட்டு வரிசையா நின்னாவளாம். கப்பல்ல இருந்தவனுவ துப்பாக்கின்னு பயந்தானுவளாம். அத ஏன் சார் நீங்க சொல்லல்ல?”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆவணத்தில் இல்லாத கதை என்று தள்ள வாயெடுத்தேன். நிகழ்ச்சியை நடத்தியவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். “அம்மா, உங்க பாட்டாவுக்கு அத யார் சொன்னாங்க? எந்தக் கடற்கரையில நின்னதாச் சொன்னாரு? வேற யாரு வீட்டுல இந்தக் கதை உண்டு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மா பேசப் பேச, அது எந்தெந்த ஊர்களில் சொல்லப்படுகிறது, யார் பெயர் வருகிறது, யார் பெயர் வராமல் போகிறது என்று ஒரு படம் விரிந்தது. கடைசியில் நடத்தியவர் என் பக்கம் திரும்பி, “ஆவணம் எழுதினவங்க யாரு சார்?” என்றார். டச்சுக்காரர்களும் அரண்மனைக்காரர்களும்தான். கடற்கரைக்காரன் ஒருவனும் எழுதவில்லை. துடுப்புக் கதை நடந்தது என்று நான் இன்றைக்கும் சாதிக்க மாட்டேன். அது ஒரு செவிவழிக் கதை. ஆனால் அந்த ஊர்களுக்கு அந்தப் போரில் ஒரு பங்கு உண்டு என்ற நினைவு இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கை மாறி வந்திருக்கிறது என்பதும் வரலாறுதான். வகுப்பில் இதை நான் படித்ததில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் படித்தேன்.

நடத்துகிறவரின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று போகிறவர் நிகழ்ச்சியைக் கெடுத்துவிடுவார். வந்த பதிலிலிருந்து அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும். புத்தக நிகழ்ச்சி என்றால் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு வர வேண்டும். பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவரை இரண்டு நிமிஷத்தில் நேயர் கண்டுபிடித்துவிடுவார்.

புத்தக நிகழ்ச்சி படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன்னே நெற்றி விளக்கோடு பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் சட்டைப் பையில் செல்போனில் வானொலி வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். காதில் மாட்டும் ஒயர்தான் செல்போனுக்கு ஏரியல், அதனால் ஒயரைச் செருகி வைத்திருப்பார்கள். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முகமது மீரானின் எழுத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சியில் பேசி, கடற்கரைப் பேச்சு வழக்கிலேயே ஒரு பக்கம் வாசித்தும் காட்டினோம். மறு வாரம் ஒரு பால்வெட்டுக்காரர் எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்து, “ரேடியோல சொன்ன புக்கு இருக்கா?” என்று கேட்டாராம். நூலகர் எனக்குப் போன் செய்து சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

கேட்பதோடு நிற்காமல் கேட்டபின் கூடிப் பேசுவதும் நம் நாட்டில் நடந்து பார்த்த விஷயம்தான். 1956இல் பூனா வட்டாரத்தில் ஏறக்குறைய 150 ஊர்களில், யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை நடந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கூட்டம் சேர்ந்து வாரம் இருமுறை வானொலி நிகழ்ச்சியைக் கேட்கும். பிறகு அங்கேயே உட்கார்ந்து பேசும். சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பும். அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். பத்து வாரம், இருபது நிகழ்ச்சி. பிறகு நாடு முழுக்க விரிந்தது, நாளடைவில் தேய்ந்தும் போனது. தமிழ்நாட்டில் அறுபதுகளில் திருச்சி வானொலி பேசிப் பேசியே ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சாவூர் விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது. அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயராகிவிட்டது. ஒரு பேச்சுக்கு வயலே மாறியிருக்கிறது.

அப்புறம், மனசை அறுக்கிற ஒரு விஷயம். பிபிசி வானொலியில் 1998இல் ‘இன் அவர் டைம்’ என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே பொருள், மூன்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முக்கால் மணி நேரம். ஆயிரத்துக்கு மேல் நிகழ்ச்சிகள் வந்துவிட்டன. பழையதெல்லாம் இணையத்தில் இருக்கிறது. கேரளபுரத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இருபது வருஷத்துக்கு முந்தையதைக் கேட்கலாம். நம்முடையது எங்கே?

1954 போராட்டத்தில் அடிபட்ட ஒரு பெரியவரை நான் பேட்டி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். அரைமணி நேரமாகச் சுருக்கி ஒலிபரப்பினார்கள். அவர் காலமான பிறகு குடும்பத்தார் கேட்டார்கள் என்று பதிவைத் தேடிப் போனேன். எந்த நிலையம் என்று சொல்ல விரும்பவில்லை. நாடாவை அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்கள். நாடா விலை கூடுதல், அலமாரியில் இடம் குறைவு, அங்கிருந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வீட்டுக்குப் போய் “இல்லை” என்று சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. அவருடைய மகள் கேட்டது ஒன்றுதான். “அப்பா சிரிக்கது அதுல இருக்குமே சார்?” இருந்தது.

இன்னொன்று, நான் கேட்க ஆசைப்படுகிற ஒரு நிகழ்ச்சி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் படகுகள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்டிருந்தன. கரையில் சொன்னது அவர்களை எட்டவில்லை. பண்பலை கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் போகும், படகிலிருந்த வயர்லெஸும் அப்படித்தான். நெடுந்தூரம் போகக்கூடிய சிற்றலையில் நம் தமிழ் ஒலிபரப்புகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த காலம் அது. 1941இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல்தான் நின்றது. வானிலைக்காரர் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்கிறார். மீனவர் காற்றையும் நீரோட்டத்தையும் கச்சான், வாடை, நீவாடு என்கிறார். இந்த இரண்டு பேரையும் ஒரு அதிகாரியையும் ஒரு மேசையில் உட்கார வைத்து, ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியும்வரை பேசவிட வேண்டும். ஒரு நாள் போதாது, மாதம் ஒன்றாக ஒரு வருஷம் வேண்டும். நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்டால் நிலையத்தார் செய்வார்கள்.  இன்றைக்கு இந்தக் கூட்டத்திலிருந்தே முப்பது அஞ்சலட்டை போகட்டும். எழுதுகிறவர்களுக்கு அட்டை வாங்கி வந்திருக்கிறேன்.

கடைசியாக, இந்தப் பையில் ஒன்பது கேசட்டுகள் இருக்கின்றன. நான் பேசிய நிகழ்ச்சிகளை என் மனைவி வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தது. அடுக்களையிலிருந்து குக்கர் விசில்கூட நடுவில் கேட்கும். துடுப்புக் கதை சொன்ன அம்மாவின் குரல் நான்காவதில் இருக்கிறது. நூலகத்துக்கே கொடுத்துவிடுகிறேன். பழைய டேப் ரெக்கார்டர் யார் வீட்டிலாவது ஓடுகிற நிலையில் இருந்தால் எடுத்துவாருங்கள், நான்காவதை இப்போதே போட்டுக் கேட்கலாம்.