சங்ககிரி துருக்கத்தில் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம். ஈரோட்டிலிருந்து சேலத்திற்கு இரயிலில் செல்லும் எவரும் சங்ககிரி மலையைச் சன்னல் வழியே பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தவர்களில் ஏறியவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளிச்சோற்றையும் நான்கு புட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, அக்காள் மகனுடன் வெயில் ஏறும் முன்பே அடிவாரத்தை அடைந்தேன். துருக்கம் என்றால் மலைக்கோட்டை; விசயநகர அரசர் காலத்துக் கோட்டை இது. பின்னர் மைசூர் அரசின் கைக்கு வந்து, ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் முதன்மையான காவலிடமாக விளங்கி, 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதியுடன் சேர்ந்து ஆங்கிலேயர் வசமானது.

கோட்டைக்கு ஒரே மதில் என்று எண்ணிச் செல்பவர்கள் வியந்து போவார்கள். ஒரு வாசலைக் கடந்தால் பாதை வளைந்து அடுத்த மதிலின் கீழே கொண்டுபோய் விடுகிறது. மேலே நிற்பவனின் பார்வைக்குத் தப்பி ஓரடியும் எடுத்துவைக்க முடியாதபடி மலையின் சரிவையே ஆயுதமாக்கியிருக்கிறார்கள். ஒரு வாசலருகே பாறையின் விளிம்பில் ஆப்படித்துக் கல் பிளந்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றில் விரலை விட்டுப் பார்த்தேன். உளியின் கூர் பட்ட தடம் இன்னும் சொரசொரப்பாகவே இருக்கிறது.

பாதி வழியில், “இத்தனை உசரத்துல தண்ணிக்கு என்ன பண்ணியிருப்பாங்க, மாமா?” என்று பையன் கேட்டான். அதுதான் சரியான கேள்வி. மதில் எவ்வளவு உயர்ந்தாலும் தண்ணீர் வற்றினால் முற்றுகையில் கோட்டை விழுந்துவிடும். பாறையில் விழும் மழைநீரைச் சரிவின் போக்கிலேயே வழிநடத்திச் சுனைகளில் தேக்கியிருக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் உழுது பழகிய நம் கொங்கு மக்களுக்கு அந்த அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், அத்தகைய சுனையொன்றில் நெகிழிப் புட்டிகள் மிதந்ததைக் கண்டபோது நெஞ்சு கனத்தது.

மேலே பெருமாள் கோயிலும் கிடங்குகளும் உள்ளன. தென்புறம் திருச்செங்கோட்டு மலை தெளிவாகத் தெரிந்தது. அங்கே நின்றபோது நான் அதிகம் பேசவில்லை. காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை எதிர்த்து நின்ற தீரன் சின்னமலையையும் அவருடைய தம்பியரையும் 1805-ஆம் ஆண்டு இந்தக் கோட்டையில்தான் தூக்கிலிட்டார்கள். ஆடிப் பதினெட்டில் அவருக்கு மாலை சூட்ட வருபவர்கள், உடல்நலம் இடம் கொடுத்தால், மற்றொரு நாளில் மேலேயும் ஏறிப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஏறுவதற்கு மார்கழியும் தையும் ஏற்றவை. பங்குனி பிறந்துவிட்டால் பாறை கொதிக்கும். நாங்கள் இறங்கும்போது, கைக்கு எட்டிய புட்டிகளைச் சோற்றுப் பையில் திணித்துக்கொண்டு பையன் முன்னே நடந்தான்.