வடக்குச் சரிவில் ஓர் ஏப்ரல் காலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்ததும் கனடாவின் கல்கரியில் பலர் பனிச்சறுக்குப் பலகைகளைத் துடைத்து நிலவறையில் வைத்துவிடுகிறார்கள். எனக்கும் என் நண்பர்களுக்கும் அப்போதுதான் மலை ஆசை கூடுகிறது. பகல் நீண்டுவிடும், கூட்டம் குறைந்துவிடும், உயரத்திலோ குளிர்காலம் இன்னும் விடைபெற்றிருக்காது. அப்படி ஒரு நாளைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

நாங்கள் போனது பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரோஜர்ஸ் கணவாய்க்கு. செல்கிர்க் மலைத்தொடரில், கிளேஸியர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஏற்றிவிட லிஃப்ட் கிடையாது; காலால் ஏறிய உயரத்தைத்தான் சறுக்கி இறங்கலாம். அழகுக்கு இணையாகத் துயரமும் கொண்ட மலை அது. 1910 மார்ச் 4 அன்று, ஒரு பக்க மலையிலிருந்து விழுந்த பனியைத் தண்டவாளத்திலிருந்து அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது, எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு பனிச்சரிவு இறங்கியது. 58 பேர் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஜப்பானியர்கள். பிறகுதான் மலையைக் குடைந்து கொன்னாட் சுரங்கப்பாதை அமைத்தார்கள். 1916இல் ரயில் அதன் வழியே போகத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த அந்தப் பனிச்சரிவை இந்த மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

வண்டி நிறுத்துமிடத்திலேயே முதல் வேலை தொடங்கிவிடும். ஒவ்வொருவர் மார்பிலும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸீவர் கருவி; பனியில் புதைந்தவர் இருக்குமிடத்தைத் தேட உதவுவது. ஒருவர் முன்னால் போய் நின்று, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடக்கும்போது கருவி பேசுகிறதா என்று சோதிக்கிறார். பையில் மண்வாரியும், பனியில் குத்திப் புதைந்தவரைத் தேடும் மடக்குக் கம்பியும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறோம். பனிக்குள் புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அதன் பிறகு நம்பிக்கை வேகமாகக் குறைந்துவிடும். மீட்புக் குழு வந்து சேர அவ்வளவு நேரம் போதாது. உடன் வந்த நண்பர்கள்தான் மீட்புக் குழு.

பலகையின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு அசுல்கன் பள்ளத்தாக்கில் ஏறினோம். அந்தப் பட்டையின் மயிர்கள் எல்லாம் பின்னோக்கிப் படிந்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் நழுவினால் கவ்விப் பிடிக்கும். ஏப்ரலில் அதற்கு ஒரு தொல்லை உண்டு. வெயில் பட்ட ஈரப்பனியில் நனைந்த பட்டை, நிழலுக்குள் நுழைந்ததும் குளிர்ந்த பனியை இழுத்து அப்பிக்கொள்ளும். காலடியில் கட்டி கட்டியாகச் சேர்ந்து, தூக்கும் ஒவ்வொரு அடியும் கனக்கும். நின்று, சுரண்டி, மெழுகு தேய்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். நண்பர்கள் ஒருவர் பலகையை ஒருவர் பிடித்துத் தேய்த்துக்கொடுத்த அந்த நிமிடங்கள்கூட எனக்கு இனிமையானவை.

மேலே வடக்கு நோக்கிய சரிவில் முந்தின இரவின் பனி முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. தாழ்ந்த சூரியன் அங்கே எட்டிப் பார்ப்பது அரிது, ஆகவே அது உருகவுமில்லை, உறைந்து ஓடு கட்டவுமில்லை. கையில் அள்ளினால் சலித்த அரிசிமாவு. இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். பலகையின் முனைகூடக் கண்ணுக்குத் தெரியாது. திரும்பும் ஒவ்வொரு முறையும் பனி எழுந்து மார்பில் மோதும், முகத்தில் தூவும். காதில் சத்தமே இருக்காது. கீழே காத்து நின்றவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கியது, அவருக்கும் அப்படியே.

எங்களில் இளையவர் கேட்டார்: "இன்னொரு தடவை ஏறலாமா?"

எல்லோருக்கும் அதே ஆசைதான். ஆனால் செவிலியராக இருக்கும் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, நாம் நிற்கும் பனி நல்ல குளிர்ச்சிதான். திரும்பிப் போகும் வழியில் வெயில் ஏறிவிட்டதைப் பார்த்தாயா?"

பருவக் கடைசியின் சூட்சுமம் இதுதான். அசுல்கன் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் எலிப்பொறி என்று பெயர் பெற்ற ஓர் இடுக்கு இருக்கிறது. பனிச்சரிவுகள் இறங்கும் பல பாதைகள் அங்கே வந்து கூடுகின்றன. மேற்குப் பக்கத்து மலைமுகங்கள் கிழக்கு நோக்கியவை என்பதால் விடிந்ததிலிருந்தே வெயில் வாங்குகின்றன. நாம் சறுக்கும் சரிவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வீடு திரும்பும் பாதைக்கு மேலே வேறொரு சரிவு ஈரமாகிக் கனத்துக்கொண்டிருக்கும். அன்றைய பனிச்சரிவு அறிக்கையும் வெயில் படும் சரிவுகளில் ஆபத்து கூடும் என்றே எச்சரித்திருந்தது.

எங்களுக்குள் ஓர் உடன்பாடு உண்டு: ஒருவர் வேண்டாம் என்றால் போதும், காரணம் கேட்க மாட்டோம். புதிதாக வந்தவர் சொன்னாலும் அப்படித்தான். இளையவர் ஒரு வார்த்தை மறுக்காமல் பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அந்தச் சறுக்கலைவிட அவர் அப்படிச் செய்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எலிப்பொறியை இடைவெளி விட்டு, எங்கும் நிற்காமல் கடந்தோம். நண்பகலுக்கு முன்பே வண்டியருகே உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அன்று பிற்பகல் அங்கே பனி சரிந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது.

போக விரும்பும் நேயர்கள் முதலில் பனிச்சரிவுப் பாதுகாப்பு அடிப்படை வகுப்பில் சேருங்கள். முடிந்தால் யாருடன் மலைக்குப் போவீர்களோ, அந்த நண்பர்களையும் அதே வகுப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.