மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டது யார்?

நடுவர் அவர்களே, "பிரிட்டனின் ஸ்கின்ஹெட் இளைஞர்களை இனவெறிப் பக்கம் தள்ளியது அவர்களுடைய கோலமா, அரசியலா?" என்பது தலைப்பு. எதிரணித் தோழி மொட்டை, பூட்ஸ், கூட்டம் மூன்றையும் வரிசையாக அடுக்கினார். "கோலம்தான் கெடுத்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, இன்றுதான் நேரில் பார்த்தேன்.

அந்த ஸ்கின்ஹெட், அதாவது மொட்டைத்தலைக் கோலம் 1960களின் கடைசியில் லண்டன் தொழிலாளர் குடியிருப்புகளில் பிறந்தது. ஒட்ட வெட்டிய முடி, பென் ஷெர்மன் சட்டை, கால்சட்டையைத் தோளில் தாங்கும் பிரேசஸ் பட்டை, பூட்ஸ் தெரிய மடித்துவிட்ட ஜீன்ஸ். அந்த டாக்டர் மார்டென்ஸ் பூட்ஸ்கூட ஆலைத் தொழிலாளியும் தபால்காரரும் போட்டதுதான். ஸ்டைலில் பாதி, பக்கத்துத் தெரு ஜமைக்கா பையன்களிடம் சுட்டது. ஆடிய பாட்டோ ஜமைக்காவின் ஸ்கா, ரெக்கே. 1969இல் ஜமைக்காவின் பாடகர் டெஸ்மண்ட் டெக்கர் பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, இசைத்தட்டு வாங்கியவர்களில் இந்த மொட்டைகளும் உண்டு. கறுப்பர் பாட்டுக்கு ஆடிய கால் அது, ஐயா!

"அப்போதே தெற்காசியர்களை அடித்தார்களே?" என்று தோழி கேட்டார். அடித்தார்கள். அதை மறுத்தால் என் வாய்தான் அழுகும். ஆனால் 1968 ஏப்ரலிலேயே பர்மிங்ஹாமில் குடியேறிகளுக்கு எதிராக நெருப்பைக் கக்கியவர் ஈனக் பவல். ஒழுங்காக வாரிய தலை, கழுத்தில் டை, நாடாளுமன்ற உறுப்பினர். மூன்றே நாளில் கிழக்கு லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்காக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அப்பன் கோஷம் போட்ட ஊரில் மகன் கை நீட்டினான். இதில் பூட்ஸைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினால் எப்படி?

அப்புறம் 1970களின் பிற்பகுதி. வேலை இல்லை, கால்பந்து மைதானத்து வாசலில் பையன்கள் கும்பலாக நிற்கிறார்கள். குடியேறிகளை விரட்டச் சொன்ன நேஷனல் ஃப்ரண்ட் கட்சி அங்கேதான் வலை விரித்தது. அதன் இளைஞர் பிரிவுக்கு 'புல்டாக்' என்று ஒரு பத்திரிகை. எந்த அணியின் ரசிகர்கள் இனவெறிக் கோஷத்தில் முன்னணி என்று, லீக் புள்ளிப் பட்டியல் மாதிரியே அதில் வரிசை போட்டார்கள். பட்டியலில் தன் அணி கீழே கிடந்தால் பதினாறு வயதுப் பையன் சும்மா இருப்பானா?

அதே மொட்டை, அதே பூட்ஸோடு 1987இல் நியூயார்க்கில் ஷார்ப் என்று இன்னொரு கூட்டம் கிளம்பியது. இனவெறியை எதிர்க்கும் ஸ்கின்ஹெட்டுகள். இவர்களை மட்டும் கோலம் ஏன் கெடுக்கவில்லை? தோழி பதில் சொல்லட்டும்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று. லான்ஸ்டேல் (LONSDALE) என்பது குத்துச்சண்டை உடை விற்கும் பிரிட்டிஷ் பிராண்ட். அந்தப் பெயர் போட்ட டி-சர்ட்டின் மேல் ஜாக்கெட்டைப் பாதி திறந்துவிட்டால், நடுவில் 'என்.எஸ்.டி.ஏ.' (NSDA) மட்டும் தெரியும். ஹிட்லர் கட்சியின் பெயர்ச்சுருக்கமான NSDAP-இல் ஓர் எழுத்துதான் குறைவு. ஐரோப்பாவின் நியோ நாஜிகள் அப்படித்தான் அதை அணிந்தார்கள். ஜிப்பை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் நடுவரே, தையல்காரரா?