ஈறு ஏன் வீங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். ஈறு வீங்கிப் பல் மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர், "தேய்த்தால் ரத்தம் வருகிறது டாக்டர், அதனால் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்கள். வீக்கத்தை வளர்ப்பது பெரும்பாலும் இந்தப் பயம்தான்.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே, ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் படியத் தொடங்குகிறது. நகத்தால் சுரண்டினால் பிசுபிசுப்பான மாவு போல வரும். அதை அப்படியே விட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம் ஏறிக் காரையாக இறுகிவிடும், பிறகு எந்த பிரஷுக்கும் மசியாது. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரின் குழுவினர், நல்ல ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கியது. காரை எடுத்தால் பல் ஆடும் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். உண்மையில் அடியிலுள்ள எலும்பு முன்பே கரைந்திருக்க, ஆடும் பல்லைக் காரைதான் பிடித்துவைத்திருக்கும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாக இருப்பதால், நோய் இருப்பதே தெரியாமல் போகிறது.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் வற்றிவிடும். கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஈறழற்சியை முற்றச் செய்யும். கடைவாயின் கோடியில் மட்டும் வீக்கம் என்றால், பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடியிருக்கும் சதைக்கடியில் உணவு சிக்கியிருக்கலாம்; கிராம்புத் தைலம் அந்த வலியை மரக்கச் செய்யுமே தவிர, சிக்கியதை வெளியே எடுக்காது.

பலரும் நினைத்துப் பார்க்காத காரணம் ஒன்று உண்டு: மாத்திரை. வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈற்றுச் சதையை வளரச் செய்கின்றன. வலி அதிகம் இராது. பல்லிடுக்குகளில் சதை கெட்டியாகத் திரண்டு பல்லை மூடிக்கொண்டு வரும். அப்போது மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்றலாமா என்பதை, அதை எழுதிக்கொடுத்த மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம்.