நோட்டில் ஏறாத செலவு

(மன்னார்குடி அருகே ஒரு பள்ளியில், பிளஸ் டூ மாணவர்களும் வேளாண் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

காலையில் தஞ்சாவூரிலிருந்து வரும்போது வழி நெடுக ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பஸ் போக இடம் விட்டு, மறுபக்கம் முழுக்கக் குறுவைப் பருவ நெல். ஓரத்தில் சுருட்டி வைத்த தார்ப்பாய், அதன்மேல் செங்கல். நெல்லைக் காலால் கிளறிவிட்டபடி நடந்தவர்களில் பாதிப் பேர் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களிலும் சிலர் அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். வேளாண் பொருளியல் படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். அந்த ரோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுத்த நெல்லில் ஈரப்பதம் 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடைமழை தொடங்குகிற ஐப்பசியில் இது சாதாரணம். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வரம்பு. மழை மிகுந்த சில ஆண்டுகளில் ஒன்றிய அரசு அதைத் தளர்த்தியதுண்டு; ஆனால் உத்தரவு வரும்வரை நெல் பொறுத்திருக்காது. சரி, 100 கிலோ நெல்லை 22இலிருந்து 17க்குக் காயவைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? 95 என்று யாரோ சொல்வது கேட்கிறது. அது சரியில்லை. ஈரம் போக உள்ள பொருள் 78 கிலோ. காய்ந்த நெல்லில் அந்த 78 கிலோ 83 சதவீதமாக இருக்க வேண்டும். 78ஐ 0.83ஆல் வகுத்துப் பாருங்கள், 94 கிலோ வரும்.

2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குத் தமிழ்நாட்டில் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 2,500 ரூபாய். ஒன்றிய அரசின் ஆதரவு விலை 2,369, மாநில அரசின் ஊக்கத்தொகை 131. ஆக, 94 கிலோவுக்கு 2,350 ரூபாய். இப்போது வியாபாரி களத்துக்கே வருகிறார். ஈரத்தோடு அப்படியே எடுத்துக்கொள்கிறேன், 100 கிலோவுக்கு 2,100 என்கிறார். இந்தத் தொகையும் இனி வருகிற தொகைகளும் உதாரணத்துக்காக நான் வைப்பவை. காயவைக்கிற ஆள்கூலி, தார்ப்பாய், ராத்திரிக் காவல் எல்லாம் சேர்த்து 100 ரூபாய் போகட்டும். மழை வராவிட்டால் கையில் 2,250. மழை பிடித்து, நெல் முளைவிட்டு, நிறம் மாறிவிட்டால் 1,500தான் தேறும் என்று வையுங்கள்.

காத்திருந்தால் வியாபாரி விலையைவிட 150 ரூபாய் கூடுதல். மழையில் மாட்டினால் அந்த 2,250இலிருந்து 750 ரூபாய் சரிவு. 150, 750இல் ஐந்தில் ஒரு பங்கு. மழை வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கு மேல் என்று மனசுக்குப் பட்டால் வியாபாரிக்குக் கொடுப்பதுதான் கணக்குப்படி சரி. உங்கள் தாத்தா வாசலில் நின்று காற்றின் திசையைப் பார்த்துவிட்டு "வியாபாரிக்கே போட்டுடுடா" என்று சொன்னாரே, அவர் இந்த வகுத்தலைத்தான் போட்டார். பல்கலைக்கழகத்தில் இதற்கு எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர் வைத்து ஒரு பருவம் நடத்துவார்கள்.

ஆனால் ஒரே ஈரம், ஒரே மழை என்றாலும் இரண்டு வீட்டில் இரண்டு விடை வரும். ஒருவருக்குச் சொந்தமாகக் கொட்டகை இருக்கிறது. இன்னொருவருக்கு வெள்ளிக்கிழமை நகைக்கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும், அறுப்பு மிஷின்காரர் வாடகைக்கு வாசலில் நிற்கிறார். இவரால் மூன்று நாள் பொறுக்க முடியாது. விலை குறைவாகக் கேட்டும் இவர் விற்பது விவரம் தெரியாததால் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, அவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. நாலு ஊருக்குப் பொதுவாக ஓர் உலர்த்தி வைப்பதா, கொட்டகை போடுவதா, ஈரப்பதத் தளர்வை அறுப்புக்கு முன்பே அறிவிப்பதா, இந்த மூன்றில் எது அவருக்கு அதிகம் உதவும்? இதற்குப் பதில் கண்டுபிடிக்கும் படிப்புக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

படிப்பின் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் இளநிலையிலேயே வேளாண் பொருளியலைத் தனிப் பட்டமாகப் படிப்பது அரிது. நாலு வருஷ பி.எஸ்சி. வேளாண்மைக்குள், மண், பூச்சி, நோய், உழவியல் பாடங்களோடு பொருளியல், பண்ணை மேலாண்மை, வேளாண் கடனும் கூட்டுறவும், விற்பனையும் விலையும் என்று சில தாள்கள் வரும். தனித் துறையாக முதுநிலையில்தான் விரியும். பொருளாதாரப் பட்டப்படிப்பு வழியாகவும் இதற்குள் வரலாம். பி.எஸ்சி. மாணவர்கள் பலர் இந்தத் தாள்களை மனப்பாடம் செய்து தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற வேண்டும். அதற்கு முன்னால், சாகுபடிச் செலவுப் படிவத்தை எங்கள் வீட்டிலேயே ஒருமுறை நிரப்பிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அப்பா எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொன்னார். உழவுக்கு இவ்வளவு, நடவாளுக்கு இவ்வளவு, உரம், மருந்து, மிஷின் வாடகை. குடும்ப உழைப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. "அம்மா எத்தனை நாள் வேலை செஞ்சாங்க?" என்று கேட்டேன். "அவ நம்ம வூட்டு ஆளு, அதுக்கு என்ன கூலி" என்றார். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்: "நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப ஒரு ஆள் கூடுதலா வெச்சீங்களே, அவளுக்கு எவ்வளவு குடுத்தீங்க? அதை எழுதச் சொல்லுங்க."

சந்தையில் விற்காத உழைப்புக்கு எப்படி மதிப்புப் போடுவது என்று புத்தகம் இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அம்மா சொன்னதும் அதுதான். அன்று ராத்திரி அந்தக் கட்டத்தை நிரப்பிக் கூட்டியபோது, லாபம் என்று நாங்கள் நினைத்திருந்ததில் பெரும்பகுதி அம்மாவின் கூலி என்று தெரிந்தது. அதன் பிறகு நான் வேறு எதையும் படிக்க ஆசைப்படவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையோடு நிற்கிற விஷயம் இல்லை, நாட்டின் விலைக் கொள்கையே இந்தக் கட்டத்தின்மேல் நிற்கிறது. 1965இல் தொடங்கிய வேளாண் விலை ஆணையம்தான் இன்று வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமாக ஆதரவு விலையைப் பரிந்துரைக்கிறது. செலவை மூன்று விதமாகக் கணக்கிடுவார்கள். கையை விட்டுப் போன செலவு, குத்தகைக்கு எடுத்த நிலத்துக்குக் கொடுத்த குத்தகை உட்பட, ஏ2. அதோடு குடும்ப உழைப்பைச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் வருமானத்தையும், சொந்த முதலுக்கான வட்டியையும் சேர்த்தால் சி2. 2025-26இல் நெல்லுக்கு ஏ2 கூட்டல் எஃப்எல் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று ஆணையம் கணக்கிட்டது. அதை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள், 2,369 வந்து நிற்கும். நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம், செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து விலை தரச் சொன்னது. எந்தச் செலவுக்கு மேல் என்பதில்தான் இன்றுவரை தகராறு. விவசாயச் சங்கங்கள் சி2 என்கின்றன. சொந்த நிலம் சும்மா கிடைத்ததா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? 1970-71 முதல் நாடு முழுக்க ஒரு சாகுபடிச் செலவுத் திட்டம் நடக்கிறது. தமிழ்நாட்டில் அதை நடத்துவது வேளாண்மைப் பல்கலைக்கழகம். களப்பணியாளர்கள் தேர்ந்தெடுத்த ஊர்களில் விவசாயிகளின் வரவு செலவைப் பருவம் முழுக்கத் தொடர்ந்து எழுதுகிறார்கள். உங்களில் ஒருவர் நாளை அந்த வேலைக்குப் போகலாம். அம்மாவின் வேலைநாட்களை எழுதாமல் விட்டால் விலை எங்கே குறையும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நோட்டில் ஏறாத இன்னொன்றையும் சொல்கிறேன். சம்பா, தாளடிப் பருவ நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவில்லை, பாய்ச்சல் இல்லை, மிஞ்சின ஈரத்திலும் பனியிலும் 65, 70 நாளில் விளைந்துவிடும். அப்புறம் அறுப்பு மிஷின் வந்தது. கை அறுப்புக்கு ஆள் கிடைக்காததால் வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முளைத்து வந்த உளுந்தின்மேல் மிஷின் ஏறி இறங்கியது. பல ஊரில் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். மிஷினால் மிச்சமான கூலி எல்லோர் நோட்டிலும் இருக்கிறது. இழந்த உளுந்து யார் நோட்டிலும் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டதன் மதிப்பும் செலவுதான். பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று வரும்போது, கோதுமையையும் துணியையும் வைத்துப் படிக்காமல் இந்த உளுந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்கு வருவோம். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்கள் நிலம் ஏராளம். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்து உழுகிறவர் பயிர்க்கடனுக்கோ காப்பீட்டுக்கோ போனால், அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கில், பெயர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் வந்தது. பதிவானால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உடையவர் பயப்படுகிறார். கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று உழுகிறவர் பயப்படுகிறார். பாதுகாக்க வந்த சட்டமே ஆளைக் காகிதத்திலிருந்து மறைத்துவிட்டது. இதை எப்படி அவிழ்ப்பது என்று பொருளியல் படித்தவர்கள் இன்னும் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது.

விளைச்சல் கூடினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஏடிடி 27 என்ற நெல் ரகம் வயல் வயலாகப் பரவியது. கூடுதலாக விளைந்த நெல்லில் அறுத்தவருக்கு எவ்வளவு என்ற கேள்வி உடனே எழுந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வுக்கான போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இங்கிருந்து கீழ்வெண்மணி அதிக தூரமில்லை. கூலி, பங்கீடு என்ற பாடத்தை வகுப்பில் திறக்கும்போது அந்த ஊரை ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு வந்திருங்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்டு இங்கே சீட்டு வந்திருக்கிறது. புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள், சற்று முன் போட்ட ஐந்தில் ஒன்று கணக்கு புரிந்திருந்தால் பாதி தாண்டிவிட்டீர்கள். வங்கி, வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கி, வேளாண் துறை, கூட்டுறவு என்று வேலைகள் உண்டு, அதை உங்கள் ஆசிரியர்களே விரிவாகச் சொல்வார்கள். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1915இல் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் வந்தார். நம் ஊர்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அதனால் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போய் நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதி வரச் சொன்னார். 1918இல் அது நூலாக வந்தது. அதில் உள்ள ஊர்களில் ஒன்று பாலக்குறிச்சி, இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. 1930களில் வேறு ஆட்கள் அதே ஊருக்குத் திரும்பப் போய்க் கணக்கெடுத்தார்கள். பிறகும் போயிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் கூலி என்ன, கடன் என்ன என்று இன்று நமக்குத் தெரிகிறதென்றால், லீவுக்குப் போன மாணவர்கள் அலையத் தயங்காததால்தான்.

வாசல் பக்கத்து மேசையில் கோடு போட்ட நோட்டுகள் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சம்பாவுக்கு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அதன் கணக்கை நடவிலிருந்து அன்றன்றே எழுதுங்கள். நடவு முடிந்திருந்தால் களையெடுப்பிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தில் நிலம் சொந்தமா குத்தகையா, அடங்கலில் யார் பெயர், வாய்க்காலின் தலைமடையா கடைமடையா என்று குறித்துவிடுங்கள். வீட்டுப் பெண்களின் வேலைநாட்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அவர்களிடமே கேட்டு எழுதுங்கள், வேறு யாரிடமும் கேட்க வேண்டாம். மாசியில், தாளடி அறுப்பு முடிந்ததும் நான் மறுபடி வருகிறேன். நோட்டுகளோடு இதே இடத்தில் உட்காருவோம்.