கொப்பரையின் மேல் ஓர் ஊர்

அவையோருக்கு வணக்கம்.

வீடு கட்டிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். சிமென்ட் கடையில் பி.பி.சி. என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். 'போர்ட்லண்ட் பொசோலானா சிமென்ட்' என்பதன் சுருக்கம் அது. இந்தப் 'பொசோலானா' ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் பொட்சுவோலிதான் அந்த ஊர். அங்கே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் குழைத்தால் கடல்நீருக்கு அடியிலும் இறுகும் என்று ரோமானியர்கள் கண்டுகொண்டார்கள். இன்று நம் மூட்டையில் சேரும் சாம்பல் பெரும்பாலும் அனல்மின் நிலையத்திலிருந்து வருவது. பெயர் மட்டும் அந்த ஊருடையது. அந்த ஊரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஏனென்றால், அந்தச் சாம்பலைக் கக்கிய எரிமலை இன்னும் அடங்கவில்லை.

எரிமலை என்றதும் கூம்பாக நிற்கும் மலையைத் தேடாதீர்கள். பொட்சுவோலியில் அப்படி எதுவும் தெரியாது. காம்பி ஃபிளேக்ரேய் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். எரியும் வயல்கள் என்று பொருள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு ஏராளமாக வெளியே பாய்ந்தது. உள்ளே வெற்றிடம் விழுந்ததும் மேற்கூரை சரிந்தது. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பெருவெடிப்பில் மறுபடியும் சரிந்தது. இப்படி உண்டான பள்ளத்தைக் கால்டெரா என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குக் கொப்பரை என்று பொருள். 12 முதல் 15 கிலோமீட்டர் அகலமுள்ள கொப்பரை. பாதி நிலத்தில் இருக்கிறது, பாதி கடலுக்குள் இருக்கிறது. அதன் நடுவில் பொட்சுவோலி, ஓரத்தில் நேப்பிள்ஸின் மேற்குப் பேட்டைகள். ஆபத்து மிகுந்த சிவப்பு மண்டலம் என்று அரசு வரைந்த எல்லைக்குள் ஐந்து லட்சம் பேர் வசிக்கிறார்கள்.

இந்த நிலம் ஏறும், இறங்கும். அதற்குச் சாட்சி ஊர் நடுவிலேயே நிற்கிறது. ரோமானியர் காலத்துச் சந்தை ஒன்றின் மூன்று சலவைக்கல் தூண்கள் அவை. 1750-இல் தோண்டியபோது செராபிஸ் தெய்வத்தின் சிலை கிடைத்ததால் கோயில் என்றே முதலில் நினைத்தார்கள். அந்தத் தூண்களில், தரையிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் வரை, கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகளின் துளைகள் இருக்கின்றன. சிப்பி தூணில் ஏறி வரவில்லை. தூண்கள் நின்ற நிலையிலேயே கடலுக்குள் இறங்கியிருக்கின்றன; பிறகு, விழாமலே, திரும்பவும் மேலே வந்திருக்கின்றன. நிலவியலின் தந்தையருள் ஒருவரான சார்லஸ் லையல் 1830-இல் வெளியிட்ட தம் நூலின் முகப்புப் படமாக வைத்தது இந்தத் தூண்களைத்தான். நிலம் அசையாதது என்ற நம்பிக்கையை அசைக்க இதைவிட நல்ல சாட்சி அவருக்குக் கிடைத்திருக்காது.

இப்போது 16-ஆம் நூற்றாண்டுக்கு வாருங்கள். கரை மெல்ல உயர்ந்து கடல் பின்வாங்கியது. புதிதாகத் தலைகாட்டிய நிலத்தை ஊருக்கு உரிமையாக்கி 1503-இலும் 1511-இலும் அரச ஆணைகள் பிறந்தன. எண்ணிப் பாருங்கள்: எரிமலை விழித்துக்கொண்டிருந்தது, மனிதர்கள் பட்டா எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? 1538 செப்டம்பர் கடைசியில் கடல் ஒரேயடியாக உள்வாங்க, கரையில் துடித்த மீன்களை மக்கள் அள்ளிச் சென்றார்கள். 29-ஆம் தேதி நிலம் பிளந்தது. ஒரு வாரத்துக்குள் அங்கே ஒரு குன்று எழுந்துவிட்டது. மோன்தே நுவோவோ, அதாவது புதுமலை, என்று இன்றும் அதற்குப் பெயர். உயரம் 133 மீட்டர். திரிபெர்கோலே என்ற சிற்றூர் அதன் அடியில் போயிற்று. எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நம்பிக் குன்றின் மேல் ஏறிப் பார்க்கப் போன 24 பேர் கடைசி வெடிப்பில் இறந்தார்கள்.

அதன் பிறகு வெடிப்பு இல்லை. நிலம் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல இறங்கியபடி இருந்தது. 1969-இல் மறுபடி ஏறத் தொடங்கியது. நான் மிகவும் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

பொட்சுவோலியின் மிகப் பழைய பகுதி ரியோனே தெர்ரா. கடலை ஒட்டிய பாறைமேட்டின் மேல், நெருக்கமான சந்துகளில், பெரும்பாலும் ஏழைகளும் மீனவர்களும் வாழ்ந்த இடம். 1970 மார்ச் 2-ஆம் தேதி போலீசும் ராணுவமும் வந்து சுமார் மூவாயிரம் பேரை வெளியேற்றின. கையில் எடுத்ததுதான் உடைமை. எரிமலை வெடிக்கவில்லை. 1972-இல் நிலம் ஏறுவது நின்றது. ஆனால், அந்தக் குடும்பங்கள் தங்கள் சந்துகளுக்குத் திரும்பவே இல்லை. பத்தாண்டு கழித்து, 1982 முதல் 1984 வரை, நிலம் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஆயிரக்கணக்கில் நிலநடுக்கங்கள். இம்முறை நாற்பதாயிரம் பேர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அவர்களுக்காக மோன்தெருஷெல்லோ என்ற குடியிருப்பு கட்டப்பட்டது. அப்போதும் எரிமலை வெடிக்கவில்லை.

இதைக் கேட்டதும் 'வீண் பயம்' என்று சொல்லத் தோன்றும். அங்கேயும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். அரசு ஏமாற்றிவிட்டது என்றே நம்பியவர்களும் உண்டு. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், வெடிக்காத எரிமலை பொய் சொன்ன எரிமலை ஆகாது. உலை கொதிக்கும்போது மூடி தடதடக்கும். ஒவ்வொரு முறையும் பொங்கி வழிந்துவிடுவதில்லை. எப்போது வழியும் என்பதை மூடியின் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாது. காம்பி ஃபிளேக்ரேயில் தடதடப்புக்குக் காரணமே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. புதிய பாறைக்குழம்பு மேலே வருகிறது என்பது ஒரு கட்சி. ஆழத்திலிருந்து வரும் வாயுவும் சூடேறிய நீரும் பாறைகளை அழுத்துகின்றன என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பவர்களின் பேச்சே எனக்கு நியாயமாகப் படுகிறது.

மூடியைப் பற்றி ஒரு வியப்பான செய்தி. இவ்வளவு ஏறியும் அந்த நிலம் ஏன் பிளக்கவில்லை? 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தித்சியானா வனோரியோ, நிலத்துக்கு அடியிலிருந்து எடுத்த பாறை மாதிரிகளை ஆராய்ந்தார். அந்தப் பாறைக்குள் நார் போன்ற கனிமங்கள் பின்னிக் கிடந்தன. ரோமானியரின் காங்கிரீட்டிலும் அதே போன்ற பின்னல்தான். சாம்பலும் சுண்ணாம்பும் வெந்நீரும் சேர்ந்து பூமிக்கடியில் தானாகவே ஒரு காங்கிரீட் தளம் போட்டிருக்கிறது! அதனால்தான் அது வளைந்துகொடுக்கிறது. வளைவுக்கும் ஓர் அளவு உண்டு என்பது கொத்தனாருக்கும் தெரியும்.

2005-இலிருந்து நிலம் மீண்டும் ஏறுகிறது. இதுவரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். எச்சரிக்கை நிலை 2012-இல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. துறைமுகத்தில் நீர் வற்றியது போலாகி, மீன்பிடிப் படகுகள் தரைதட்டுகின்றன. 2024 மே 20 அன்று 4.4 அளவில் நிலநடுக்கம். 2025 மார்ச் 13, நள்ளிரவுக்குப் பின், 4.6; அதே ஆண்டு ஜூன் 30-இல் மீண்டும் 4.6. எண்ணைப் பார்த்துச் சிறிது என்று எண்ணிவிட வேண்டாம். இவை சில கிலோமீட்டர் ஆழத்திலேயே பிறப்பவை. காலுக்கடியில் குத்துவது போல இருக்கும். அந்த இரவுகளில் குழந்தைகளைப் போர்த்திக்கொண்டு குடும்பங்கள் கார்களில் படுத்திருந்தன.

எச்சரிக்கை நிலை சிவப்பானால் எழுபத்திரண்டு மணி நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றத் திட்டம் இருக்கிறது. ஒவ்வோர் ஊரையும் இத்தாலியின் வேறொரு மாநிலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். பொட்சுவோலிக்காரர்களுக்கு வடக்கே லொம்பார்தியா. காகிதத்தில் தெளிவான திட்டம்தான். ஆனால், ரியோனே தெர்ராவை நினைவில் வைத்திருக்கும் பாட்டியிடம் மூன்றாம் முறையும் 'வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள்' என்று சொல்ல வேண்டுமே, அதற்கு எழுபத்திரண்டு மணி நேரம் போதாது. பல ஆண்டுகளாக உண்மையை மட்டுமே சொல்லிப் பழகிய ஒரு குரல் வேண்டும்.

அந்தக் குரலாக இருக்க வேண்டியது, 1841-இல் தொடங்கிய வெசூவியஸ் ஆய்வகம். நேப்பிள்ஸின் மறுபக்கத்து எரிமலையின் பெயர் அதற்கு; காம்பி ஃபிளேக்ரேயைக் கண்காணிப்பதும் அதுவே. உலகின் முதல் எரிமலை ஆய்வகம் அதுதான். கருவிகள் சொல்வதை அது வாரந்தோறும் அறிக்கையாக வெளியிடுகிறது: எத்தனை நடுக்கம், எவ்வளவு வாயு, இந்த மாதம் நிலம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது. சில மாதங்களில் பத்து, சில மாதங்களில் முப்பது. காவிரிக் கரையில் இருப்பவர்கள் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பதில்லையா? அப்படித்தான் பொட்சுவோலிக்காரர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கடையைத் திறக்கப் போகிறார்.